நூலில் காய்த்த தக்காளி

வேப்பம்பட்டில் மாடித்தோட்டம் போட்ட எல்லோருக்கும் லோகநாதன்தான் குரு. அப்படி அவரே சொல்லிக்கொண்டார். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். அதட்ட ஆளில்லாமல் போனதால் தெருவிலிருந்த தக்காளிச் செடிகளை அதட்டத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டு பானு பெயிண்ட் டப்பாவில் வைத்திருந்த செடியைப் பார்த்து, "இன்னாம்மா, நோஞ்சான் மாதிரி கீது? யூரியா போடு" என்றார். பானு போடவில்லை. மக்கின சாணி எருவும் வெயிலும் போதும் என்று விட்டுவிட்டாள். அந்த நோஞ்சான்தான் அவள் வீட்டுக் குழம்புக்கெல்லாம் காய்த்தது.

லோகநாதனின் செடிகளோ நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்கு அடியில் ஆள் உயரம் நின்றன. கருகருவென்று இலை. பூ வரும், உதிரும். ஒரு காய் கிடையாது.

"யூரியாவ கொட்டிக்கினே இருந்தா எலதான் வரும். அந்த வலைய எடுங்க, வெயிலு படட்டும்" என்றாள் மனைவி ரத்னா.

"உனுக்கு இன்னா தெரியும்?"

அதோடு நிற்காமல், தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி எல்லோரையும் அழைத்துவிட்டார். சனிக்கிழமை பொன்னேரி சந்தைக்குப் போய்க் காம்போடு இருந்த தக்காளிகளாகப் பொறுக்கி வந்தார். பச்சை நூலால் ஒவ்வொன்றையும் கிளையில் கட்டினார்.

ரத்னா பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மனுக்கு மாலை கட்டலாம் நீங்க. நல்லா வருது."

ஞாயிறு காலை மாடி நிறைய ஆட்கள். லோகநாதன் மண்ணைப் பற்றியும் தன்னைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். பானு ஒரு செடியருகே குனிந்தாள்.

"அண்ணே, ஒரே செடியில நாட்டுத் தக்காளியும் பெங்களூர் தக்காளியும் காய்ச்சிக்கீதே. இது இன்னா வகை?"

"அது... ஒட்டுச் செடிம்மா."

"நூலால ஒட்டுனதா?" அவள் தொட்டதும் தக்காளி நூலோடு கையில் வந்தது.

எல்லோரும் அவசரமாக விடைபெற்றார்கள். படியிறங்கித் தெருவுக்குப் போனதும் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது மாடிவரை கேட்டது.

அதன்பின் லோகநாதன் மாடிப் பக்கமே போகவில்லை. ரத்னா வலையை அவிழ்த்தாள், யூரியா மூட்டையைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். அடி இலைகளைக் கிள்ளி, எரு வைத்து, காலையில் மகரந்தம் சேரப் பூங்கொத்துகளை விரலால் லேசாகத் தட்டிவிட்டாள். பிஞ்சு பிடித்தது, பழுத்தது.

ஒருநாள் துணி எடுக்கப் போன லோகநாதன் அதைக் கண்டார். உடனே படமெடுத்து, "இது நிஜமாவே காய்ச்சது" என்று குழுவில் போட்டார். சாயங்காலம் வரை பதிலே இல்லை. பிறகு பானு எழுதினாள்:

"நூலே தெரியலண்ணே. நல்லா கட்டக் கத்துக்கினீங்க."

அவர் போனை ரத்னாவிடம் நீட்டினார். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

"இன்னான்னு சொல்றது?" ரத்னா தக்காளி நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க வளத்தீங்கன்னா?"

லோகநாதன் போனைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் குழுவில் கத்தரிக்காய் வளர்ப்பது எப்படி என்று எழுத ஆரம்பித்தார்.