டைகருக்கு வாய் வந்த கதை

என் மாமனார் சொக்கநாதன் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அடுத்தவர் கணக்கைச் சந்தேகப்படுவதற்கென்றே சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டது. பால்காரரைச் சந்தேகப்படுவார், தபால்காரரைச் சந்தேகப்படுவார், நான் போடும் காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். திருப்பரங்குன்றமே தன் வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

அதனால்தான் நாய் வந்தது. சிம்மக்கல்லில் மரக்கடை வைத்திருந்த நூருல் அமீன் அவருடைய பழைய சிநேகிதர். ராஜபாளையத்துக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். டைகர் என்று பெயர் வைத்தோம். வருஷம் திரும்புவதற்குள் கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பால்காரர் வந்தால் வாலாட்டும். பிச்சைக்காரர் வந்தால் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். குடுகுடுப்பைக்காரர் அதன் காதருகே நின்று உடுக்கை அடித்தபோதும் கொட்டாவிதான் விட்டது.

மாமாவுக்கு அமீன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த முறை அவர் வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாய், ஊமை நாயா பாத்து என் தலையில கட்டிட்டீங்க?"

"ஊமையெல்லாம் இல்லண்ணே. பெரிய சாதி நாய்க்கு ஒடம்புதான் வெரசா வளரும். குரைக்கிற புத்தி வர ஒண்ணு, ஒண்ணரை வருசம் ஆகும். அப்புறம் நிறுத்தச் சொல்லி நீங்களே என்கிட்ட வருவீங்க."

அமீன் போன பிறகு, "வித்தவன் வேற என்ன சொல்லுவான்?" என்றார் மாமா.

"அவரு விக்கல மாமா, சும்மாதான் குடுத்தாரு," என்றேன்.

"சும்மா ஏன் குடுக்கணும்?"

நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என் நாத்தனார் மங்கையர்க்கரசிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வந்த வரன்களையெல்லாம் மாமா ஏதாவது ஒரு சந்தேகத்தில் தட்டிக்கழித்திருந்தார். ஒருவர் அதிகம் பேசினார், ஒருவர் பேசவே இல்லை. இன்னொருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தாராம். மங்கை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அப்பா முன்னால் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். எனக்குத்தான் மனசு கேட்காது.

பிறகு பரவையிலிருந்து சிவசங்கரன் பெண் பார்க்க வந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூட அவருடைய அம்மா மட்டும். அவர் கேட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்ததும் டைகர் எழுந்து குரைத்தது. வாழ்க்கையில் முதல் குரைப்பு. கூடத்தில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் அதிர்ந்தது. நாங்கள் பயந்ததைவிட அதுதான் அதிகம் பயந்துபோனது. இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பின்பக்கம் திரும்பிப் பார்த்தது. பாதிப் பூ வைத்த தலையோடு ஓடிவந்த மங்கையின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

சிவசங்கரன் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. "பாவம், அது சத்தத்துக்கு அதுவே பயந்துருச்சு. கொஞ்சம் தண்ணி வைங்க அதுக்கு," என்று மங்கையிடம் சொன்னார். மங்கை சிரித்துவிட்டாள். பெண் பார்க்கிற நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர்கள் கிளம்பியதும் அடுப்படிக்கு வந்து, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, இவரு அமைஞ்சா நல்லாருக்கும்," என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் அறியமாட்டேன்.

கூடத்தில் மாமா உலாத்திக்கொண்டிருந்தார். "இத்தன நாளா வாயத் திறக்காத நாய், அவனப் பாத்து மட்டும் ஏன் குரைக்குது?"

பல்லி சொன்னாலே பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் பார்க்கிற வீடு அது. நாய் குரைத்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போடவில்லை. அந்தக் குறையை மாமா தானே தீர்த்துக்கொண்டார்.

"அவரு பயப்படக்கூட இல்லையே மாமா," என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். இம்புட்டுப் பெரிய நாயப் பாத்துப் பயப்படாம நிக்கிறான்னா, எத்தன வீட்டு வாசல்ல நின்னு பழகியிருக்கணும்?"

மறுநாளே விசாரிக்கப் பரவைக்குப் போனார். டீக்கடை, சலூன், மார்க்கெட் என்று ஒரு இடம் விடவில்லை. திரும்பி வந்தபோது முகம் இன்னும் இருண்டிருந்தது.

"ஒருத்தன்கூடக் குறை சொல்லலம்மா. சொல்லிவச்ச மாதிரி எல்லாவனும் தங்கமான பையங்கிறான். எங்கயாவது அப்படி ஒருத்தன் இருப்பானா?"

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். காரணம் கேட்டதற்கு நாய் குரைத்ததைச் சொன்னார். அந்த மனுஷரும் அதை அப்படியே கொண்டுபோய் அங்கே ஒப்பித்துவிட்டார். மங்கை அன்றைக்கும் வழக்கம்போலத் துணி மடித்தாள்.

கொஞ்ச நாள்தான் போயிருக்கும், டைகர் பால்காரரைப் பார்த்துக் குரைத்தது. அப்புறம் தபால்காரரை, டவுன் பஸ்ஸை, பக்கத்துத் தோட்டத்தில் விழுந்த தென்னை மட்டையை. குடுகுடுப்பைக்காரர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். கடைசியில் அமீன் பாய் வந்தபோது அவரையும் விடவில்லை. அவர் கேட்டுக்கு வெளியே நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அன்று முழுக்க அந்த நாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தன்னையே சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டு, ஒரு பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு பரவைக்குப் பஸ் ஏறினார். எதற்கென்று மங்கைக்குத் தெரியும். அன்று அவள் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலுக்குப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். வாசலில் வரும்போதே என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். பையனுக்குத் திருமங்கலத்தில் நிச்சயமாகிவிட்டதாம். "நாங்க அம்புட்டுத் தூரம் துருவி விசாரிக்கலங்க. பொண்ணு முகத்தப் பாத்தோம், முடிச்சுட்டோம்," என்று அந்த அம்மா சொன்னாராம். இதெல்லாம் பிறகு என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. மங்கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொண்டுபோன பழப்பை அப்படியே அப்பா கையில் தொங்குவதைப் பார்த்துவிட்டாள்.

மாமா கேட்டில் கை வைத்ததும் டைகர் பாய்ந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரரைப் பார்த்தே பல்லைக் காட்டிக் குரைத்தது. மங்கை ஒரு அதட்டுப் போட்டால் உடனே அடங்கிவிடும். வேறு யார் சொன்னாலும் கேட்காது.

"மங்கை, ஒரு சத்தம் போடு," என்றேன்.

"குரைக்கட்டும் அண்ணி. அதுக்காச்சும் வாய் வந்துச்சே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா பையோடு தெருவில் நின்றார், அவர் பின்னால் என் வீட்டுக்காரர். கேட்டைத் திறந்துவிட எனக்கும் கை வரவில்லை.