ஒரு சாண் குறைந்த கம்பளி

போன மார்கழியில் லிங்கேஸ்வரனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது, அவன் பெண்டாட்டி அன்னத்தாய் பக்கத்து வீட்டிலிருந்து கம்பளி ஒன்றை இரவல் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி வேறு யாருமில்லை, கொழுந்தன் செல்வமணியின் பெண்டாட்டி முனீஸ்வரிதான். அடுத்த மாதமே, துவைக்கிற தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்று இரண்டு பேருக்கும் சண்டை. ஒரே சுவருக்கு இருபுறமும் இருந்துகொண்டு ஏழு மாதமாகப் பேச்சில்லை.

போன வாரம் முனீஸ்வரி தன் ஆட்டுக்கு அகத்திக்குழை போட்டபடி, சுவர் தாண்டிக் கேட்கிற மாதிரி அதனிடம் சொன்னாள்.

"திங்கக்கிழம ஒங்க அய்யா மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்கு வாச்மேன் வேலைக்குப் போறாக. போத்திக்க இருந்த கம்பளியும் ஊரான் வீட்டுல கெடக்கு. ஒன்னயத்தான் கூட அனுப்பணும். கட்டிப்பிடிச்சுத் தூங்கட்டும்."

அன்னத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, ரோசமும் வந்தது. அழுக்கோடு கொடுத்தால் அதையும் ஆட்டிடம் சொல்லுவாள். ஒரு சொல் சொல்ல இடம் வைக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை கலக்கி அமுக்கி அமுக்கி அலசினாள். கல்லில் அடிக்கவில்லை, முறுக்கவில்லை. பழைய வேட்டியில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்தாள். எல்லாம் சரி, காயத்தான் வழியில்லை. மூன்று நாளாகச் சாரல். கம்பளி நனைந்த ஆடு மாதிரி நாற ஆரம்பித்தது.

"இங்கிட்டுக் குடு" என்றான் லிங்கேஸ்வரன். மலையில் அடுப்பு மூட்டி ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் அவனுக்கு வேலை. "பச்சக் காயே ஒரு நாள்ல காயுது. இது காயாதா?"

காய்ந்துதான் வந்தது. விறைத்துப்போய், ஏலக்காய் வாசனையோடு. கட்டிலில் விரித்தால் ஒரு முழம் கட்டில் வெளியே தெரிந்தது.

"என்னங்க இது, தொட்டிலுக்குப் போடுற மாதிரி இருக்கு?"

"குடுத்ததத்தான் கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

சனிக்கிழமை காலையில் அவனை ஜீப் ஏற்றிக்கொண்டு போனதும், அன்னத்தாய் கம்பளியை மறுபடி ஊறப்போட்டாள். சூட்டில் இறுகியது ஈரத்தில் இளகும் என்று ஒரு கணக்கு. ஊறியபின் கட்டிலை வாசலில் போட்டு, ஒரு முனையை அதன் காலில் கட்டி இழுத்தாள். கம்பளி வரவில்லை, கட்டில் வந்தது. அலுத்துப்போய் குண்டான் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்ணீர் பழைய வழியிலேயே முனீஸ்வரி வாசலுக்கு ஓடியது.

விளக்குமாறோடு வந்தாள் முனீஸ்வரி. வாயைத் திறந்தவள், கட்டிலில் கட்டிக் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது எங்க கம்பளியா?"

சொல்வதற்குப் பொய் இருந்தது. அன்னத்தாய் சொல்லவில்லை.

"ஸ்டோருல காயவச்சாக. சுருங்கிப்போச்சு. நாந்தான் குடுத்துவிட்டேன்."

முனீஸ்வரி கம்பளியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஏலக்காய் கூடக் கம்பளியக் காயப்போட்ட ஆளு ஒங்க வீட்டுக்காரரு ஒருத்தராத்தான் இருக்கும்க்கா."

அக்கா என்று தன்னையறியாமல் வந்துவிட்டது. அதை மறைப்பதுபோல் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முனையை அவிழ்த்துக் கையில் பிடித்தாள்.

"வெடுக்குனு இழுக்காத, இழை விட்ரும். மெதுவா வா" என்றாள் அன்னத்தாய்.

நீளவாக்கில் கொஞ்சம், அகலவாக்கில் கொஞ்சம் என்று மாறி மாறி இழுத்தார்கள். பிறகு நிழலில் பாய்மேல் விரித்து, ஓரமெல்லாம் செங்கல் ஏற்றினார்கள். அன்றைக்குச் சாரல் விட்டிருந்தது, நல்ல காற்று. ஞாயிறு சாயங்காலம் காய்ந்ததைக் கட்டிலில் போட்டுப் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரு சாண் கொறையுதே, முனீசு."

"ஒங்க கொழுந்தன் கால மடக்கித்தான் தூங்குவாக." முனீஸ்வரி கம்பளியை மோந்து பார்த்தாள். "இதத்தான் யோசிக்கிறேன். வாச்மேன் மேல ஏலக்காய் வாசம் அடிச்சா, மொதலாளி மொதல்ல அவுக மூட்டையத்தான் பிரிச்சுப் பாப்பாரு."

அன்னத்தாய்க்குச் சிரிப்பு அடங்கவே நேரமானது.

"தைக்கு வருவாகள்ல, அப்ப இன்னொருக்கா அலசுவோம்" என்றாள்.

"அலசலாம். தண்ணி?"

இரண்டு பேரும் வாசலின் சரிவைப் பார்த்தார்கள்.

"அத அப்பப் பாத்துக்கிருவோம்" என்று சொல்லி, முனீஸ்வரி கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.