கார்டன் ரீச் நேரம்

அனுராதா உதைத்துக்கொண்டிருந்தாள். கரை முதுகுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அப்பா முகத்துக்கு நேரே இருந்தார்.

கிக்போட் என்பது அப்படிப்பட்ட வாகனம். காற்றடித்த ரப்பர் படகு, நடுவில் ஒரு நாற்காலி, அதிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் கால்களில் வாத்துப் பாதம் மாதிரி இரண்டு ரப்பர் துடுப்புகள். முன்னால் உதைத்தால் படகு பின்னால் போகும். போகிற இடம் தெரியாது; விட்டுவந்த இடத்தை மட்டும் வேண்டிய மட்டும் பார்க்கலாம். வாங்கிய அன்றே அவள் இதை ஒரு குறையாகச் சொன்னாள். "ரயில்ல எதிர் சீட்டு கெடச்சா எறங்கிடுவியா?" என்று அப்பா அவள் வாயை அடைத்தார்.

அவள் முழங்காலருகே கட்டிய நைலான் கயிறு அவருடைய படகின் முன்கம்பிக்குப் போனது. கயிற்றின் அந்தப் பக்கம் முருகானந்தம், ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதைப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது.

"வாய்வுதான்," என்றார். "காலைல வழியில தின்ன கச்சூரி."

நெஞ்சுவலியை வாய்வு என்று அழைப்பதில் தமிழருக்கும் வங்காளிக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை; வங்காளி அதை 'கேஸ்' என்பார், அவ்வளவுதான். கொல்கத்தாவில் முப்பத்தைந்து வருடம் இருந்தவருக்கு அந்த நம்பிக்கை இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறியிருந்தது.

ரிட்டயரானதும் சிலர் காசிக்குப் போவார்கள், சிலர் சர்க்கரைக்குப் போவார்கள். முருகானந்தம் ஆன்லைனுக்குப் போனார். முதலில் ஒரு கிக்போட் வந்தது. அனுராதாவின் பிறந்தநாளுக்கு இன்னொன்று வந்தது. அவள் கேட்டிருந்தது ஹெட்போன். வீடு இருந்த கார்டன் ரீச் காலனிக் குளத்தில், ஆகாயத்தாமரைக்கு நடுவே, அப்பா மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். பக்கத்து வீட்டு மித்ரா மாமா தினமும் பால்கனியில் நின்று சல்யூட் வைத்தார். அப்பா அதைக் கிண்டல் என்று கடைசிவரை எடுத்துக்கொள்ளவேயில்லை.

அம்மா வசந்திக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "மீன் வேணும்னா கிதர்பூர் மார்க்கெட்டுக்குப் போங்க. அங்க மீனே நம்மளத் தேடி லாரில வருது," என்றாள். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கூடப் போ, தனியாக விடாதே, கையோடு கூட்டிக்கொண்டு வா என்றாள். பால் வாங்கிவரச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். அனுராதாவும் அப்படித்தான் தலையாட்டினாள்.

விடியலில் கடலோர ஊரான பக்காலிக்கு வந்து, சவுக்குத் தோப்புக்கு அப்பால் கழிமுகத்தில் இறங்கியபோது தண்ணீர் விளிம்புவரை நிறைந்து நின்றது. போன் இரண்டும் காரிலேயே இருக்கட்டும் என்றார் அப்பா. போன மாதம்தான் காலனிக் குளத்தில் ஒன்றை மூழ்கடித்திருந்தார். திட்டம் அவருடையது, குறையில்லாதது. நண்பகல்வரை கடல் ஏறும் என்று ஆப் சொல்லியிருக்கிறது. ஏறுகிற தண்ணீர் ஆபீஸ் பஸ் மாதிரி வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். அதுவரை உட்கார்ந்து மீன் பிடிப்பதுதான் வேலை.

பிடிக்கவும் செய்தார். ஒரு போலா மீன், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் படகின் பக்கவாட்டில் தொங்கிய வலைப்பையில் போட்டுவிட்டு, மகளைப் பார்த்துச் சிரித்தார். பதவி உயர்வு வந்த அன்றுகூட அந்தச் சிரிப்பு வந்ததில்லை. அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தபோது சவுக்குத் தோப்பு ஒரு கோடாகியிருந்தது.

இரண்டு பேரும் உதைத்தார்கள். கோடு கோடாகவே இருந்தது. காற்று என்றார் அப்பா. இன்னும் உதைத்தார்கள். பிறகு அவர் சட்டென்று நிறுத்தி, பக்கத்தில் மிதந்துபோன ஒரு தேங்காய் நாரைக் கண்ணால் பின்தொடர்ந்தார். அது கடலை நோக்கி அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அனு."

"என்னப்பா?"

"ஆப்ல ஊரு கார்டன் ரீச்னு போட்டிருக்கேன்."

"அதனால?"

"கடல் இங்க ஏறி, ஆத்து வழியா நம்ம வீட்டுக்கு வந்துசேர நாலஞ்சு மணி நேரம் ஆகும். நான் பாத்தது நம்ம வீட்டு டைம்." பிறருடைய கணக்கில் பிழை கண்டுபிடித்தால் வருகிற அதே நிதானம் குரலில் இருந்தது. "இங்க எப்பவோ ஏறி முடிச்சாச்சு. இப்ப எறங்குது."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட காத்துன்னு சொல்லிக்கலாம்," என்றார். பிறகு வெறிபிடித்தவர்போல உதைத்தார். தன் தவறைத் தன் காலாலேயே சரிசெய்துவிட முடியும் என்று நம்பிய மனிதரின் உதை. கொஞ்ச நேரம்தான். அப்புறம் இடது கையைப் பிடித்துக்கொண்டார். கயிற்றை அவள் கட்டினாள்.

லைஃப் ஜாக்கெட்டில் ஒரு விசில் இருந்தது. ஊதினாள். தூரத்தில் போன மீன்பிடி விசைப்படகில் ஒருவன் எழுந்து நின்றான். அவள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அவனும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். மிகுந்த நட்போடு போய்விட்டான்.

ஊதுகிற மூச்சை உதைக்க வைத்துக்கொள்வது மேல் என்று தோன்றியது. ஒரு நொடி நிறுத்தினால் கயிறு தளர்ந்து, இரண்டு படகும் மெதுவாகக் கடல் பக்கம் திரும்பின. நிறுத்தி, அருகே இழுத்து, அவர் நெஞ்சில் கைவைத்து என்ன செய்வது? படுக்கவைக்க இடமில்லை. ஆபீஸில் முதலுதவிப் பயிற்சி கொடுத்தபோது பொம்மையைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். தரை வேண்டும். தரைக்குப் போக உதைக்க வேண்டும்.

அவரைப் பேசவைத்தால் போதும் என்று நினைத்தாள்.

"அப்பா, சென்னை மெயில் நம்பர் என்ன?"

ரயில் நம்பர் கேட்டால் அவர் தூக்கத்திலும் பதில் சொல்வார். சொன்னார். கோரமண்டல் கேட்டாள். சொன்னார். பூரி எக்ஸ்பிரஸ் கேட்டாள். கொஞ்சம் தாமதித்து, கண்ணை மூடியபடி, எரிச்சலோடு சொன்னார். அந்த எரிச்சல் அவளுக்குத் தெம்பாக இருந்தது. தொடை நரம்பு பிடித்து இழுத்தது. இன்னொரு காலால் உதைத்தாள். தெரிந்த ரயிலெல்லாம் தீர்ந்தபோது சென்னை மெயிலுக்கே திரும்பி வந்தாள்.

இந்தமுறை ஐந்துக்குப் பதில் நாலு இலக்கத்தில் சொன்னார். அவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு அந்த ரயிலில் போன காலத்து நம்பர்.

"தப்புப்பா," என்றாள்.

முருகானந்தத்திடம் ரயில் நம்பர் தப்பு என்று இதுவரை யாரும் சொல்லித் தப்பித்ததில்லை. டைம்டேபிளை எடுத்துவந்து முகத்துக்கு நேரே விரிப்பார். அவள் காத்திருந்தாள். ஒரு திட்டு போதும். ஒரு 'ம்' கூடப் போதும்.

அவர் சண்டைக்கு வரவில்லை. தலை மெல்ல வலது தோளுக்குச் சாய்ந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்வதுபோல.

"அப்பா, நான் சொல்றதுதான் சரி. கேக்குதா?"

படகு ஆடியதில் தலை ஆடியது. அதை ஆமாம் என்று வைத்துக்கொண்டு அவள் உதைத்தாள்.

கயிறு கனத்தது. அவர் பக்கத்து வலைப்பை தண்ணீரில் இழுபட்டு வந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. கயிற்றை வேகமாகக் கைமேல் கையாக இழுத்து, எட்டி, பையின் முடிச்சைத் தளர்த்திக் கவிழ்த்தாள். போலா மீன் ஒருபக்கமாக மிதந்தது, பிறகு ஒரு துள்ளலில் நிமிர்ந்து உள்ளே போனது. அவர் கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கால் நின்றுவிடும். கயிற்றை விட்டுப் பழைய தூரத்துக்குப் போய் மறுபடி தொடங்கினாள்.

எவ்வளவு நேரம் என்று அவளால் பின்னால் யாருக்கும் சொல்ல முடியவில்லை. வெயில் தலைக்கு வந்து, தலையைத் தாண்டியது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்: காரின் சர்வீஸ், மாடிவீட்டுக் குழாய் ஒழுகல், தன் ஆபீஸில் ஒருவன், அவன் வங்காளி, பெயர் இப்போது வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் சொல்கிறேன், நீங்கள் திட்டலாம். தண்ணீரின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கடலுக்கு அலுத்திருக்க வேண்டும். பிறகு அவள் வலது துடுப்பு எதிலோ உரசியது. மறுபடி உரசியது. மணல்.

நீர் வடிந்து கரை வெகுதூரம் வெளியே வந்திருந்தது. முழங்கால் ஆழத்தில் இரண்டு பெண்கள் இறால் குஞ்சுக்கு வலை தள்ளிக்கொண்டிருந்தார்கள். அனுராதா நாற்காலியிலிருந்து விழுந்து, எழுந்து, துடுப்புகளைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள். அவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். என்ன ஆச்சு என்று மூத்தவள் வங்காள மொழியில் கேட்டாள்.

"கேஸ்," என்றாள் அனுராதா. "பாபாவுக்கு கேஸ்."

ஈர மணலில் அவரைக் கிடத்தினார்கள். அவள் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றி, பயிற்சியில் சொன்னபடி, இரண்டு கைகளையும் சேர்த்து அவர் நெஞ்சில் அழுத்தினாள். எண்ணினாள். எண்ணிக்கை தப்பியது, முதலிலிருந்து எண்ணினாள். அழுத்தும்போதெல்லாம் அவர் வாயோரத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மூத்தவள் எதிரே குந்தி, அவர் மூக்கடியில் புறங்கையை வைத்தாள். வைத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இளையவளைப் பார்த்தாள். இளையவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டி கூட்டிவருவதாகச் சொல்லிக் கரைப்பக்கம் நடந்தாள். ஓடவில்லை.

அனுராதா அதைப் பார்த்தாள். அந்தப் பெண் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினாள். பிறகு அவள் கைகள் தாமாகவே நின்றன.

"போஷோ, மா," என்றாள் மூத்தவள். உட்காரச் சொல்கிறாள்.

அனுராதா உட்காரவில்லை. எழுந்தாள். சுற்றிலும் மரமோ குடையோ எதுவுமில்லை, திறந்த மணல் மட்டும். வெயில் நேராக அப்பாவின் முகத்தில் விழுந்தது. இமை பாதி திறந்திருந்தது. அவள் அவருடைய தலைமாட்டுக்குப் போய், வெயிலுக்கு முதுகு காட்டி நின்றாள். நிழல் அவர் நெற்றிக்கு வந்தது. இன்னும் அரையடி நகர்ந்தாள். நிழல் கண்களை மூடியது.

வண்டி வர நேரமாயிற்று. அவ்வப்போது அவள் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.