நாரைக்குஞ்சு கேட்டது

அன்னவாசல் தாண்டி வண்டி மெயின் ரோட்டில் வேகமெடுத்ததும் ஹரிணி அப்பாவின் முதுகில் விரலால் தட்டி மறுபடியும் ஆரம்பித்தாள்.

"அப்பா, ஞாபகம் இருக்குல்ல? கடைசில அந்த நாரைக்குஞ்சு கேக்கும், யாராவது இருக்கீங்களான்னு. கீழ ஒக்காந்திருக்க ஜனங்க எல்லாரும் இருக்கோம்னு சொல்லணும். அப்பத்தான் எங்களுக்கு மியூசிக் போடுவாங்க. அதுக்கப்புறந்தான் நாங்க பாடணும்."

"சொல்லிப்புடுவோம் ஆத்தா."

"யாருமே சொல்லாம இருந்துட்டா? மத்தவங்கல்லாம் கூச்சப்படுவாங்கப்பா. நீங்கதான் மொதல்ல சொல்லணும். ஒங்களுக்குத்தான் சத்தம் நல்லா வருமே."

சோலையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெற்ற மகள் வாயால் இந்த வார்த்தை கேட்க அவன் எத்தனை திருவிழா காத்திருந்தானோ தெரியாது. எக்ஸெல் வண்டியின் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகவே திருகினான்.

ஊரில் கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிறவன் சோலையப்பன். அதை ஊரில் எல்லாரும்தான் போடுகிறார்கள். அவனுக்குப் பேர் வந்தது வாயால். மாரியம்மன் திருவிழாவுக்கு விடிய விடிய நாடகம் நடக்கும்போது, மேடைக்கு நேர் எதிரே மண்ணில் துண்டை விரித்து உட்காருவான். மேடையில் பபூன் கேட்கிற கேள்விக்கெல்லாம் கீழேயிருந்து பதில் கொடுப்பது அவன் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவனாக எடுத்துக்கொண்டது. "இந்த ஊர்ல எனக்குப் பொண்ணு குடுக்க ஆளு இருக்கா?" என்று பபூன் கேட்டால், "பொண்ணு இருக்கு, கேக்குறதுக்கு ஒனக்கு மூஞ்சி இருக்கா?" என்பான். கூட்டம் கண்மாய்க்கரை வரைக்கும் சிரிக்கும். பபூனும் லேசுப்பட்டவன் இல்லை, இவனைப் பிடித்து நாலு வாரு வாரிவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போவான். அது இரண்டு பேருக்கும் மரியாதை. சுத்துப்பட்டு நாடகக்காரர்கள் மேக்கப் போடும்போதே "சோலையண்ணன் வந்துட்டாரா?" என்று விசாரிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே இவர்தான் என்பாள் அவன் மனைவி செவந்தி. கட்டிக்கொண்டவள் அப்படித்தான் சொல்வாள்.

இன்றைக்கு நடப்பது அந்த மாதிரி நாடகம் இல்லை. மெட்ராஸிலிருந்து பிள்ளைகளே நடித்துப் பாடுகிற நாடகம் ஒன்று ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சம் பிள்ளைகளைப் பொறுக்கி, கடைசிப் பாட்டுக்கு மேடையில் ஏற்றிவிடுவார்களாம். புதுக்கோட்டைக்கு ஹரிணியின் பள்ளிக்கூடம் அமைந்தது. ஏழாம் வகுப்பில் அவளையும் எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து மீட்டிங்குக்கெல்லாம் செவந்திதான் போவாள். இந்தத் தடவை மாடு இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடுகிற மாதிரி இருந்ததால் அவளால் நகர முடியவில்லை. சோலையப்பன் கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியை எடுத்துக் கட்டினான்.

திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம். ஹரிணியை உள்ளே அமுதவல்லி டீச்சரிடம் போகச் சொல்லிவிட்டு, சோலையப்பன் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியைப் பிடித்தான். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நடந்த நிச்சயதார்த்தத்தின் பூச்சரம் ஒன்று இன்னும் மேடைத் தூணில் தொங்கியது. பக்கத்து நாற்காலியில் முகமது இப்ராஹிம் என்று ஒருவர், கீழ ராஜ வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் ஆஃப்ரீனும் கடைசிப் பாட்டில் இருக்கிறாளாம். "ஒங்க புள்ளையுமா? நல்லதுங்க, நல்லதுங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பெருமைப்படுகிற அப்பன்கள் இரண்டு பேர் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

நாடகம் நன்றாகவே இருந்தது. ஏரி வற்றிப்போய்க் கூட்டத்தோடு கிளம்பிய நாரைக்குஞ்சு ஒன்று வழி தவறிவிடுகிறது. லாரிக்காரனிடம் கேட்கிறது, தெருநாயிடம் கேட்கிறது, செல்போன் டவரிடம்கூடக் கேட்கிறது, எங்கம்மா எந்தத் தண்ணிக்குப் போனாங்க என்று. எல்லாம் பாட்டுதான். குஞ்சாக வந்தது ஏழெட்டு வயசுப் பெண்பிள்ளை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. கையில் காகிதச் சிறகு, காலில் வெள்ளைச் சாக்ஸ். அந்தத் தொண்டைக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே இருந்தது என்று சோலையப்பனுக்கு ஆச்சரியம். நாயாக வந்த பையன் குரைத்துக்கொண்டே பாடியபோது வாய்விட்டுச் சிரித்தான். நாக்கு இரண்டு மூன்று தடவை துறுதுறுத்தது. மகளை நினைத்து அடக்கிக்கொண்டான்.

அப்புறம் அந்த இடம் வந்தது. விளக்கெல்லாம் அணைந்து குஞ்சின் மேல் மட்டும் ஒரு வெளிச்சம். அது ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நடுமேடையில் நின்றது. இருட்டைப் பார்த்துக் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

பாட்டு இல்லை. மியூசிக் இல்லை. ஒரு சத்தம் இல்லை.

சோலையப்பன் பார்த்த நாடகங்களில் மேடை இப்படிச் சும்மா இருக்காது. இருந்தால், நடிக்கிறவன் வசனத்தை மறந்துவிட்டுத் தவிக்கிறான் என்று அர்த்தம். அப்போது கீழே இருக்கிறவன்தான் ஒரு வார்த்தையைப் போட்டுக் கைதூக்கிவிட வேண்டும். சும்மா இருக்க வேண்டும் என்றே எழுதி வைத்து ஒரு பிள்ளை சும்மா நிற்கும் என்பது அவன் அறிவுக்கு எட்டவில்லை. மகள் வேறு சொல்லியிருக்கிறாள், கேட்டால் நீங்கதான் முதலில் சொல்லணும் என்று. கடைசியில் என்று அவள் சொன்னது அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. வெறும் இருக்கோம் என்று சொல்லியிருந்தால்கூடப் போயிருக்கும். ஆனால் அவனுக்கு வெறும் சோறு இறங்காது, தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும்.

"இருக்கோம் தாயி! ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு ஒடிஞ்சு போயி இருக்கோம்! நீ மொதல்ல காலைக் கீழ விடு, சுளுக்கிக்கப் போவுது!"

மண்டபமே அதிர்ந்தது. இப்ராஹிம் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சோலையப்பனுக்கு மாரியம்மன் கோவில் பொட்டலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மேடையிலிருந்து இப்போது ஒரு வாரு வாரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

குஞ்சு காலைக் கீழே விட்டது. பெரியவர் ஒருவர் அதட்டினால் பிள்ளைகள் விடுமே, அப்படி. வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது எதுவும் அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது. சத்தம் வந்த திசையைத் தேடிப் பார்த்தது. வாயைத் திறந்தது, மூடியது. மியூசிக் ஆரம்பித்துவிட்டது. பாடவேண்டிய பாட்டு ஆளில்லாமல் தன்பாட்டுக்கு ஓடியது. குஞ்சின் மோவாய் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் இறங்கியது. என்னமா நடிக்குது என்று ஜனங்கள் கைதட்டினார்கள். சோலையப்பனும் தட்டினான். ஓரத்திலிருந்து ஒரு பெண் குனிந்துகொண்டே ஓடிவந்து பிள்ளையை இடுப்போடு அணைத்துத் தூக்கிப்போன பிறகுதான் அவன் கை நின்றது.

விளக்கைப் போட்டு, இடைவேளை என்றார்கள்.

"பாவம், சின்னப் புள்ள" என்றார் இப்ராஹிம். சொன்னது மேடையைப் பார்த்து. இவன் பக்கம் திரும்பவே இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் திரும்பி, அவன் வேட்டியிலிருந்து தலை வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்கிருந்துதான் வருதுகளோ" என்றாள். சிரித்த அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. விசிலடித்தவன்கூட நல்ல பிள்ளையாகச் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பான். சோலையப்பனுக்குக் காது மடல் எரிந்தது. நாற்பது வயசு ஆள், எட்டு வயசுப் பிள்ளையை ஊரே பார்க்க அழவைத்திருக்கிறான். அவமானத்தில் அவனுக்குக் கூசிப்போயிற்று.

துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தான். வெளியே பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் பாக்கெட் ஒன்றும் ஜூஸ் பாட்டில் ஒன்றும் வாங்கினான். மணமகள் அறை என்று எழுதியிருந்த கதவுக்குள்தான் நாடகப் பிள்ளைகள் இருந்தார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். தூக்கிப்போன அந்தப் பெண்ணின் மடியில் குஞ்சு, சிறகெல்லாம் கழற்றி, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அழுகை நின்றிருந்தது. அவனை நிமிர்ந்து பார்த்தது. யாரோ ஒரு ஆள் என்று பார்த்துவிட்டு மறுபடி பிஸ்கட்டைக் கடித்தது.

"தாயி" என்றான் சோலையப்பன்.

முகம் தெரியாத பிள்ளைக்குக் குரல் தெரிந்துவிட்டது. பிஸ்கட்டைப் போட்டுவிட்டுச் சட்டென்று அந்தப் பெண்ணின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பரவாயில்ல சார்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை. "தெரியாமத்தானே பண்ணீங்க. அவளுக்கு இன்னும் ஒரு சீன் இருக்கு. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும், ப்ளீஸ்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். இந்த மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டோடு நின்றான். அறையின் அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் காகிதக் கொண்டை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஹரிணி அவனைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி, கொண்டையின் நூலை இறுக்குகிற மாதிரி கையை மேலே கொண்டுபோனாள்.

"யாரு அவரு?" அமுதவல்லி டீச்சர் அவளிடம் கேட்டது அவனுக்கும் கேட்டது. "ஒன்னையத்தான் பாக்குற மாதிரி இருக்கு. தெரியுமா ஹரிணி?"

"எங்க ஊரு மிஸ்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. சோலையப்பன் அந்த ஊர்தான். பாக்கெட்டை வாசல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டான். அவள் மேல் கோபம் வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று பட்டது.

மூன்றாவது வரிசைக்குப் போகத் தைரியம் இல்லை. பின்பக்கக் கதவோரம் நின்றுகொண்டான். மைக்கில் ஒரு ஆள் வந்து, "பெரியவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நாடகம் நடக்கும்போது யாரும் குரல் கொடுக்க வேண்டாம். மேடையில் இருப்பவர்கள் குழந்தைகள்" என்றார். தலைகள் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. அங்கே அவன் துண்டு மட்டும் இருந்தது.

இரண்டாம் பாதி முழுக்க மண்டபம் பரீட்சை ஹால் மாதிரி இருந்தது. சிரிக்கவேண்டிய இடத்தில்கூட ஜனங்கள் மூக்கால் சிரித்தார்கள். பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள். சோலையப்பனுக்கு எதுவும் மனசில் ஏறவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவள் பின்னால் உட்கார்ந்து முதுகில் தட்டுவாளா என்பதிலேயே புத்தி நின்றது.

விளக்குகள் அணைந்தன. குஞ்சு வந்தது. அதற்குப் பின்னால் அரை இருட்டில் ஊர்ப் பிள்ளைகள் நாரைக் கூட்டமாக வரிசை கட்டினார்கள். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஹரிணி. குஞ்சு ஒற்றைக் காலைத் தூக்கியது.

"யாராவது இருக்கீங்களா?"

கடைசி இதுதான். இப்போதுதான் சொல்ல வேண்டும். சோலையப்பன் மண்டபத்தைப் பார்த்தான். ஒருவர் வாயும் திறக்கவில்லை. நடுவில் எங்கோ ஒரு வாண்டு "இரு..." என்று ஆரம்பித்தது. அதன் அம்மா சட்டென்று வாயைப் பொத்தினாள். மைக்கில் பேசிய ஆள் பக்கவாட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது தெரிந்தது. தானே விதித்த தடையைத் தானே எப்படி எடுப்பது என்று அவருக்கு விளங்கவில்லை போல. இப்ராஹிமின் தலை நிமிரவே இல்லை. மியூசிக் வரவில்லை.

"யாராவது... இருக்கீங்களா?"

இரண்டாவது தடவை கேட்டது குஞ்சின் குரல் இல்லை, அந்தப் பிள்ளையின் குரல். ஹரிணியின் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. துண்டைப் பார்த்தது. அங்கிருந்து வரிசை வரிசையாகப் பின்னால் தேடிக்கொண்டு வந்து, கதவோரம் அவனிடம் நின்றது. தலையில் கட்டிய கொண்டை அசைந்தது. சொல்லுங்கப்பா என்கிறாளா, வேண்டாம்ப்பா என்கிறாளா, இல்லை ஏசி காற்றுதானா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

கண்மாயின் அக்கரைக்குக் கேட்கிற தொண்டை அவனுக்கு. இந்தக் குரலைக் கேட்டால் அந்தப் பிள்ளை மறுபடி முகத்தைப் புதைத்துக்கொள்ளும். கேட்காவிட்டால் இப்படியே நிற்கும். சோலையப்பன் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கோம்."

குரலா மூச்சா என்று அவனுக்கே நிச்சயமில்லை. பக்கத்தில் நின்ற மண்டபத்து வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் குஞ்சு அப்படியேதான் நின்றது. தூக்கிய கால் நடுங்க, வெள்ளைச் சாக்ஸ் மெல்ல மெல்லக் கணுக்காலுக்கு வழிந்து வந்தது. அது காலைக் கீழே விடவில்லை.