பச்சைக் கடனுக்கு ஒரு விற்பவர் குறிப்பு

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியாக இருந்திருக்க வேண்டியது. அதுவும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்குகிற வரி.

பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆட்கள் ஆட்களுக்கே கடன் கொடுக்கிற செயலி ஒன்று உண்டு. வங்கி நடுவில் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் தொழிலுக்குப் பணம் கேட்பார், முன்பின் தெரியாத பலர் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள், மாதாமாதம் வட்டியோடு திரும்பி வரும். இடையில் பணம் தேவைப்பட்டால் நம் பங்கை அங்கேயே இன்னொருவருக்கு விற்றுவிடலாம். விற்கும் பக்கத்தின் அடியில் அந்தப் பெட்டி: 'விற்பவர் குறிப்பு - விருப்பமிருந்தால்'. இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.

அதை நிரப்பச் சொல்லி அக்கா என்னிடம் போனைக் கொடுத்தாள். நான் இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

அடுமனையின் ஓவன் அணைந்த மாலையில் மழை வலுத்துக்கொண்டிருந்தது, தூரத்தில் ஒரு ரயில்

(மழை பெய்யவில்லை. நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் கெட்ட செய்தி வரும்போதெல்லாம் மழையோ பனியோ கொட்டும். எங்கள் தெருவில் அன்று துணி காய்கிற வெயில். ரயிலும் கிடையாது.)

என் அக்காவுக்கு முப்பது பிள்ளைகள்.

இது நல்ல வரி, ஆனால் என்னுடையது இல்லை, மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர். நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்ததும், "பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? யாராவது பட்டினியா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

பிள்ளைகள் என்றால் அக்கா போட்ட கடன்கள். அவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஓரம் தேய்க்கும் இயந்திரத்திலிருந்து தண்ணீரோடு வெள்ளைச் சேறு தெறித்து அவள் முன்கை எப்போதும் சுண்ணாம்பு பூசினாற்போல இருக்கும். அந்த வேலையில் மிச்சம் பிடித்ததைச் செயலியில் துண்டுதுண்டாகப் போட்டு வைத்திருந்தாள். ஒரு ஆள் கவிழ்ந்தாலும் மற்றவர்கள் தாங்குவார்கள் என்பது கணக்கு. 'ஒரு ஆளுக்குக் கொஞ்சம்தான்' என்பதை அவள் அவ்வளவு கறாராக வைத்திருந்தாள்.

செயலி கடன் வாங்கியவரின் பெயரைக் காட்டாது. பெயருக்குப் பதில் ஆளுக்கொரு நீளமான எண்ணும், எதற்காகக் கடன் என்று ஒரு வரியும்தான். எண்களைப் பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது, அந்தப் பத்தியை மறைத்துவிடு என்று அக்கா முதல் ஞாயிறே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கடனின் காரணமே ஆளின் பெயரானது. தையல் மெஷின் கட்டிவிட்டது, மீன்தொட்டி இரண்டு நாள் தாமதம், ஓவன் சமர்த்து. அவள் போனைப் பார்த்து வாசிப்பாள், நான் அட்டவணையில் ஏற்றுவேன். நேரத்துக்குக் கட்டினால் பச்சை, கட்டாவிட்டால் சிவப்பு.

3

நான் கற்பனையில் வளர்த்த ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. சைக்கிள்காரரைச் சொல்கிறேன்.

பகலில் நான் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் அதிகம் பேச மாட்டார்கள், அதனால் நிறையப் படிக்கலாம், படிக்காதபோது கனவு காணலாம். ஓவனுக்கு நான் முகம் கொடுத்தது அங்கேதான். நடுவயதுக்காரி, புருவத்தில் மாவு, சிரிக்கத் தெரியாதவள், ஆனால் ரொட்டிக்குப் பொறுமை தெரிந்தவள். 'பெயர்ப்பலகை வைக்க' என்று கடன் வாங்கியது புதிதாகக் கல்யாணமான ஜோடி. எழுத்து நீலமா சிவப்பா என்று மூன்று வாரமாகச் சண்டை. இவர்கள் நடந்தார்கள், பேசினார்கள். 'சரக்குப் பெட்டி வைத்த சைக்கிள் வாங்க' மட்டும் அசையவில்லை. நெட்டையான ஆளாக்கினேன், மீசை வைத்தேன், எடுத்தேன். அவர் எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறார், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.*

* இப்போது தெரியும். ரொட்டி.

4

இந்த மாதம் ஓவன் சிவப்பானது. அடுத்த நாளே சைக்கிளும். "ரெண்டும் சொல்லி வெச்ச மாதிரி" என்றாள் அக்கா. செயலிக்காரர்களுக்கு எழுதிக் கேட்கலாம், அதற்கு எண் வேண்டுமே என்று மறைத்து வைத்திருந்த பத்தியைத் திறந்தேன்.

நான் மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, ஓவனும் சைக்கிளும் ஒரே ஆளு."

"என்னடி சொல்ற?"

"பெயர்ப்பலகையும்."

அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். எண்கள் மாறவில்லை.

"அப்ப மூணு பிள்ளை இல்ல. ஒரே பிள்ளை மூணு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்றார் மாமா.

"சட்டை தெச்சுக் கொடுத்தது நாமதான்" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

அது சரிதான். அந்த ஆள் எதையும் மறைக்கவில்லை, எண் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டதில் மூன்று பங்கு ஒரே கையில் போய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நொடியில் நான்கு பேர் செத்தார்கள் (ஜோடியையும் சேர்த்து). வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன்: அவர்களுக்குப் பதிலாக வந்தவர் எனக்கு அவர்களைவிடப் பிடித்திருந்தார். முதலில் ஓவன் வாங்குகிறார். சுட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்க சைக்கிள் வாங்குகிறார். ஊர் தன்னைத் தேடி வரும் என்று நம்பிக்கை வந்தபிறகு, கடைசியில்தான் பெயர்ப்பலகை. இப்படியொரு வரிசையை நான் கற்பனை செய்திருக்கவே மாட்டேன்.

5

இனி பணம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை காலியாகிறது, அதை அக்கா எடுக்க நினைக்கிறாள். ஒரு இயந்திரம், ஒரு மேசை, சுவரில் கண் பார்க்கிற எழுத்து அட்டை வைக்கலாம். வேறொருவருடைய பின்னறையில் இனி தேய்க்க வேண்டாம். இடத்தின் சொந்தக்காரர் முன்பணத்தைச் சனிக்கிழமைக்குள் கேட்கிறார். பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார். அக்கா விற்கக்கூடியதையெல்லாம் விற்றுவிட்டாள். மீதி வேண்டியது, சரியாகப் பெயர்ப்பலகைக் கடனில் அவள் பங்கு.

பெயர்ப்பலகை இன்னும் பச்சை. அதன் தவணைத் தேதி அடுத்த வாரம்தான். பச்சைக் கடன் அன்றைக்கே விலைபோகும். வாங்குகிறவருக்கு அந்த ஒரு கடனின் நிலவரம்தான் தெரியும். அதே ஆளின் மற்ற இரண்டும் சிவப்பு என்பது அவற்றில் பணம் போட்டவர்களுக்கு மட்டுமே தெரியும். அதாவது எங்களுக்கு.

மாமா நிதானமாகப் பேசினார். விதியில் இடமிருக்கிறது, யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை, பெட்டியில் விருப்பமிருந்தால் என்றுதானே போட்டிருக்கிறது, பச்சை என்றால் பச்சைதான் என்றார். வாங்குகிறவனும் நம்மைப் போலத் துண்டுதுண்டாகத்தான் போட்டிருப்பான், இது ஒன்று போனால் பெரிதாக வலிக்காது என்றும் சொன்னார்.

அக்கா, "சில லென்ஸ்ல கீறல் நேரா பாத்தா தெரியாது. சாய்ச்சுப் பிடிச்சா மட்டும்தான் தெரியும். வாங்கிட்டுப் போறவங்க யாரும் சாய்ச்சுப் பாக்க மாட்டாங்க" என்றாள்.

"பாத்தியா" என்றார் மாமா.

"நான் சாய்ச்சுப் பாத்துட்டேனே" என்றாள்.

பிறகு போனை என் பக்கம் தள்ளினாள். "நீதானே எழுதுறவ. அந்தப் பெட்டியில என்ன எழுதணுமோ எழுது. ஒண்ணும் எழுதாட்டியும் சரி. நான் கேக்க மாட்டேன்."

6

எழுதிப் பார்த்தவை:

இவர் வாங்கிய வேறு இரு கடன்கள் தற்போது தாமதத்தில் உள்ளன.

உண்மை. யாரும் தொட மாட்டார்கள். கடை போகும்.

இவர் வாங்கிய வேறு இரு கடன்கள் தாமதம், எனவே விலை குறைப்பு

பாதியில் விட்டேன். குறைந்த விலை முன்பணத்துக்கு எட்டாது.

பொறுமைசாலி. புருவத்தில் மாவு. மெல்லக் கட்டிவிடுவார்.

இது இலக்கியம். வாங்குகிறவர் இதை நம்பிப் பணம் போட்டால், அது பொய்.

(வெற்றுப் பெட்டி)

இதில் பொய் ஒன்றுமில்லை. இதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவுகளும் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் பெட்டி வெற்றாகவே போகிறது, கடை கிடைக்கிறது, அக்கா தன் பெயர்ப்பலகையை மாட்டச் சொல்லிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கிறாள். வாங்கிய யாரோ ஒருவர், வேறொரு ஊரில், ஒரு பச்சை சிவப்பாவதைப் பார்க்கிறார். இன்னொன்றில் உண்மையை எழுதுகிறோம், விற்கவில்லை, அடுத்த வாரம் அந்த அடுமனைக்காரர் மூன்று தவணையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். கடையில் அதற்குள் யாரோ செல்போன் உறை விற்கிறார்கள்.

இரண்டாவது நாவல்தனமானது என்று தோன்றுகிறது. முதலாவது அப்படித் தோன்றவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

7

இதுவரை எழுதியதை அக்காவிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள்.

"என்னை ரொம்ப நல்லவளாக்கி வெச்சிருக்க" என்றாள். "போனை உன்கிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடி, பெட்டிய அப்படியே விட்டு, அந்தப் பட்டன் மேல ரெண்டு தடவை விரலை வெச்சு எடுத்தேன். அதையும் போடு."

போட்டுவிட்டேன்.

"முடிவு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஆகவே நீங்கள். இந்நேரம் எங்கோ ஒரு பச்சைப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே வந்திருப்பீர்கள். அதில் ஒன்றுக்கு விற்பவர் குறிப்பு இருக்கிறது. இருநூறு எழுத்துக்குள் அடங்கவில்லை என்பதால் இங்கே வைத்திருக்கிறேன். இவ்வளவும் அந்தக் குறிப்புதான். ஓவன் உங்களுக்குத் தெரியும், சைக்கிள் தெரியும், பெயர்ப்பலகை கடைசியில் வந்தது தெரியும், மருந்துக்கடைக்குப் பக்கத்தில் காலியாகிற இடமும் தெரியும். எனக்குத் தெரிந்ததில் உங்களுக்குத் தெரியாதது இனி எதுவும் இல்லை.

விலை முழு விலைதான், ஒரு காசும் குறைக்கவில்லை. பட்டன் உங்கள் பக்கம் இருக்கிறது.