ஊசியக்காவின் நோட்டு

"யாரைக் கேட்டுடா அந்த நோட்டை எடுத்த?"

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"யாரைக் கேட்டு எடுத்தன்னு கேக்கறேன்!"

"முந்நூறு பேர், அக்கா! வீடு வீடா ஏறி இறங்கினா பத்து நாளாகும். நான் பல் விளக்கறதுக்குள்ள போன்லயே மெசேஜ் அனுப்பி முடிச்சுட்டேன்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சதாலதானே அனுப்பினேன்! சும்மா ஓட்டுப் போடுங்கன்னா எவன் படிக்கிறான்? சர்க்கரைக்காரங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்குன்னு, தைராய்டுக்காரங்களுக்குத் தைராய்டு எப்படின்னு, நீயே பக்கத்துல உக்காந்து விசாரிக்கற மாதிரி..."

"படுபாவி. என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியே!"

தம்பிக்கு வயது முப்பத்தாறு. போன் விற்கும் கடையில் வேலை. அக்கா மனுத்தாக்கல் செய்த அன்றிலிருந்து அவளைக் 'கவுன்சிலரம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்று அந்தப் பட்டத்தைக் காணோம். வெறும் அக்காதான்.

வார்டில் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. பத்தொன்பது வருடமாக ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறாள். விடிந்ததும் விடியாததுமாகக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறுவாள். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் வரும். வார்டு மருத்துவமனையைப் பத்து மணிக்குத் திறக்கிறார்கள், அதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள், அதை ஆறு மணிக்கே திறக்கவைக்க ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நாலு வீட்டுக்காரர்கள் அவளைத்தான் காட்டினார்கள். கட்சி கிடையாது, கொடி கிடையாது. முன்னறையில் கட்டுக் கட்டாக நோட்டீஸ் மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. இன்று வெள்ளி.

அந்த நோட்டு அவள் வேலை நோட்டு. பெயர், போன் நம்பர், என்ன பரிசோதனை, எதற்காக. அடுத்த தடவை போகும்போது மறக்காமலிருக்க எழுதிவைத்தது.

"பாருக்கா, ஒருத்தர் கும்பிடு அனுப்பியிருக்கார்," என்றான் தம்பி போனைப் பார்த்து.

"அடுத்தது என்ன? அதையும் படி."

"'என் சர்க்கரை உனக்கு எதுக்குடி'ன்னு..."

"நல்லா வேணும் எனக்கு."

அவள் நோட்டைப் பிடுங்கி, வரி வரியாக விரலை ஓட்டினாள். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

"தையக்காரிக்கு என்ன அனுப்பின?"

"எந்தத் தையக்காரி?"

"ரெண்டாவது மாடி. டிரைவர் பொண்டாட்டி. படிடா!"

தேடி எடுத்தான். குரல் பாதியாக இறங்கியது. "'தம்பிக்குச் சிறுநீரகம் தரப்போகும் நல்ல மனசுக்கு வாழ்த்துகள். அந்த மனசு நமக்கும் ஒரு ஓட்டுத் தரட்டும்.'" பிறகு, "நல்லாத்தானேக்கா இருக்கு?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்த நம்பர் அவ புருஷனோடது."

"அவன் நம்பரை எதுக்கு எழுதின?"

"நம்பர் இல்லாம லேப்புல ரத்தத்தை வாங்க மாட்டாங்க. அவகிட்ட வேற போன் கிடையாது. 'அக்கா, கூப்பிட்டுடாதீங்க, நானே வந்து கேட்டுக்கறேன்'னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாடா. அவ சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்துதுன்னு செவ்வாய்க்கிழமைதான் தெரிஞ்சுது. அவ உடம்புல கத்தி படக்கூடாதுன்னு அவன் ஒத்தக்கால்ல நிக்கிறான். நாளன்னிக்கு அவன் அண்ணன் வர்றார். அவர் சொன்னா மட்டும்தான் கேப்பான், அவரை வச்சுப் பேசிக்கலாம்னு வாயை மூடிக்கிட்டு இருக்கா. இப்ப அவன் காதுல விழுந்தா, அண்ணன் வர்றதுக்குள்ள அவளை வேற ஊருக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவான். ஆஸ்பத்திரியில அவ தம்பி மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டுக் கெடக்கிறான்."

"இன்னும் பார்த்திருக்க மாட்டான்க்கா."

"வா, பார்த்துட்டு வருவோம்."

பார்த்திருந்தான். கதவு திறந்தே கிடந்தது. தையல் மிஷினில் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை ஊசியோடு மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு, போனை நீட்டிக்கொண்டு நின்றான். தையல்காரி கழுத்தில் அளவு நாடா தொங்கச் சுவரோரம் நின்றாள்.

"வாங்கக்கா. நல்ல நேரத்துல வந்தீங்க. இது என்னது?"

ஊசியக்கா வாயெடுக்குமுன் தையல்காரி முந்திக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறார். சத்து குறைச்சலான்னு பார்க்கத்தானே ரத்தம் குடுத்தேன்? வேற யாரோ ஒருத்தியோடதை என் பேருல மாத்திட்டீங்கதானே?"

சொல்லிவிட்டு அவள் ஊசியக்காவின் முகத்தையே பார்த்தாள். கண் இமைக்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. அங்கிருந்து இரண்டு காதுகள் கேட்டுக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

தம்பி படியில் நின்றபடி முதுகுப் பக்கம் முணுமுணுத்தான். "அக்கா, வேணாம். மாத்திட்டேன்னு நீ உன் வாயால சொன்னா சாயங்காலத்துக்குள்ள வார்டு முழுக்கப் பரவிடும். ஓட்டை விடு. நாளைக்கு எவ வீட்டுல உனக்குக் கையை நீட்டுவா?"

பத்தொன்பது வருடத்தில் ஒரு சோதனைக் குழாய்கூட மாறியதில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெயரைக் கேட்பாள், எழுதுவாள், உரக்கப் படித்துக் காட்டுவாள். 'போதும் ஊசியக்கா, என் பேரு எனக்குத் தெரியும்' என்று கேலி செய்தாலும் விடமாட்டாள். அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் தேர்தலுக்கே நின்றாள்.

தையல்காரியின் விரல்கள் நாடாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தன.

"ஆமாப்பா," என்றாள் ஊசியக்கா. "மாத்திட்டேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"நீங்க மாத்துவீங்களா அக்கா?"

"வயசாகுதில்ல. தேர்தல் அலைச்சல் வேற. ரெண்டு பேரு பேரும் ஒண்ணா இருந்துச்சு, இவ குழாய்ல அவ சீட்டை ஒட்டிட்டேன். இவளுக்குக் கொஞ்சம் ரத்தம் குறைச்சல், அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

டிரைவர் போனை ஒருமுறை பார்த்தான், மனைவியை ஒருமுறை பார்த்தான். பிறகு பெரிதாக மூச்சை விட்டான்.

"வயித்துல புளியைக் கரைச்சுட்டீங்களேக்கா! நான் இவளை மூட்டை கட்டச் சொல்லிட்டேன், தெரியுமா? நீ ஏண்டி அழற? அதான் இல்லன்னு ஆயிடுச்சே."

"பயந்துட்டேன்," என்றாள் தையல்காரி. மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து, சட்டைத் துணியைத் தடவிச் சரிசெய்தாள். ஊசியக்கா பக்கம் திரும்பவில்லை.

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ யாருக்கோ போன் போடும் சத்தம் கேட்டது.

"வர்றேம்ப்பா," என்று ஊசியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு படிப்பக்கம் திரும்பினாள். தம்பி கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா."

டிரைவர் வாசல்வரை வந்திருந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு அரைகுறையாக நின்றிருந்தது.

"போன வருஷம் எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு நீங்கதானே வந்து ரத்தம் எடுத்தீங்க?"

"ஆமாப்பா."

"ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட்டு வந்துச்சு. அதை நம்பி நாங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல. எட்டாம் நாள் போயிட்டாங்க." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "அது எங்கம்மா ரத்தம்தானேக்கா?"