குடிக்காதவன் கட்டிய கயிறு

என் அண்ணன் வல்லரசு ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. இதை இப்போது சொல்லி என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டும் கம்பெனியில் வேலை பார்த்தான். முதலில் கை நடுங்கியது. பிறகு நாக்குக் குழறியது. அதிர்ந்து பேசாதவன் சோற்றுத் தட்டை விட்டெறிந்தான். ஏன் என்று கேட்டால் அழுதான். வயிறு உப்பி, கண் மஞ்சளானது. "குடிச்சிட்டு மிஷின் பக்கம் வராத" என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். எங்கள் மடவார் வளாகம் தெருவுக்கென்ன, வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது.

ஊதச் சொல்லி நானே முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. "எதையாவது மென்னு மறைச்சிருப்பான்" என்றாள் அம்மா. நானும் அதை நம்பினேனே, பாவி!

புதுப்பட்டிப் பக்கம் ஒரு கருப்பசாமி கோயில். குடியை விடுகிறவர்கள் அங்கே சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆட்டோவில் அவனை இழுத்துப் போனோம்.

"குடிச்சாத்தானம்மா விடுறதுக்கு?" என்றான்.

"ஏலே, சாமி முன்னால பொய் பேசாத!"

அறைந்தாள். அறைந்துவிட்டு அவளே அழுதாள். அதைப் பார்த்துத்தான் அவன் கையை நீட்டினான்.

நடுக்கம் நிற்கவில்லை. சத்தியத்தை மீறிவிட்டான் என்று அம்மா அவனோடு பேசுவதையே விட்டாள். ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா அவன் கண்ணில் லைட் அடித்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம்.

"இது வில்சன் நோய். சாப்பாட்டில இருக்கிற செம்பு இவர் உடம்பை விட்டு வெளியே போகாது. பிறவியிலேயே அப்படி. ஈரல்லயும் மூளையிலயும் படிஞ்சிருச்சு. அந்தக் கோபமும் நோயாலதான். முன்னாடியே வந்திருந்தா மாத்திரையில நிறுத்தியிருக்கலாம். இப்ப ஈரல் ரொம்பக் கெட்டுப்போச்சு."

வீடு வந்ததும் அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்து அவன் கையைப் பிடித்தாள். "இந்தச் சனியன் எதுக்குய்யா ஒனக்கு? அறுத்துப் போடுறேன்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். நாக்குக் குழற, மெதுவாகச் சொன்னான்:

"வேணாம்மா. அறுத்தா, மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டான்னு சொல்லுவாங்க."